நீல மூடி போட்ட குழாய்

மணற்குடியிருப்பு,
முல்லைத்தீவு.
22.09.2024

என் அன்புக்கும் அந்த ஊர்க் குளிருக்கும் உரிய நிறஞ்சி அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். சுகம் கொஞ்சம் கூடிப்போய், போன வருசச் சட்டைக்குள் அடங்க மறுக்கிறது. நீங்கள் அங்கே உறைந்து போகாமல் இருக்க மாதாவிடம் ஒரு சிறிய விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பெரிய விண்ணப்பங்கள் எல்லாம் என் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதினைக்கு ஒதுக்கியாயிற்று.

நீங்கள் விமானம் ஏறின அடுத்த நாளே அம்மா என் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. சோதினை முடியும்வரை அது அங்கே நப்தலின் உருண்டைகளோடு குடும்பம் நடத்தும். உங்கள் ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அம்மாவே முழுக்கக் கதைத்து முடித்துவிட்டு, எனக்கு "சரி பிள்ளை, வைக்கிறன்" என்பதை மட்டும் மிச்சம் விடுகிறா. கேட்டால், "அக்காவோட கதைக்கவேணுமெண்டால் எழுது. தமிழ்ப் பாடத்துக்கும் உதவும்" என்று விளக்கம். அதனால் இனி உங்களுக்குத் தலைவிதி, எனக்குத் தபால்தலை.

ஊர்ச் செய்தி: போன செவ்வாய் என் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்றை அப்பாவின் வலைக்குள் செருகிவிட்டேன். அப்பா கரையில் வலை உதற, மீனோடு சேர்ந்து சப்பாத்து விழுந்தது. "இது எந்தப் பிள்ளையின்ரயடா! ஓடி வாங்கோடா!" என்று கரை முழுக்கக் கேட்கக் கத்தினார். நாலு பேர் கடலுக்குள் பாயத் தயார். நான் வள்ளத்துக்குப் பின்னால் இருந்து சிரித்ததில் மாட்டுப்பட்டேன். மாட்டுப்படாவிட்டாலும் சொல்லியிருப்பேன். அப்பாவின் சட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே: "பகிடி விடு, ஆனால் பொழுதுபடச் செபமாலை தொடங்க முன்னம் உடைச்சிடு. செபமாலைக்குப் பிறகும் உடைக்காட்டி அது பகிடி இல்லை, பொய்." இந்த வீட்டில் இருபது வருசமாக அந்தச் சட்டத்தை மீறின ஆள் இல்லை. நீங்கள் அப்பாவின் சாரத்தை வேலியில் தைத்த அன்றுகூட, மெழுகுதிரி கொளுத்த முன்னம் ஓடிவந்து சொன்னீர்கள்.

நீங்கள் வந்து நின்ற அந்த ஒரு மாதத்தில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, வள்ளத்தடியில் நீங்கள் எடுத்த படம். என்னை முழுதாக ஒரு படத்துக்குள் அடக்கின முதல் ஆள் நீங்கள்தான். எனக்குப் பின்னால் வள்ளத்தின் பெயரும் தெளிவாக வந்திருக்கிறது, "நிறஞ்சனா கலிஸ்ரா" என்று. நான் எழுதின எழுத்தல்லவா, வராமல் போகுமா? இரண்டாவது, நீங்கள் நடத்தின துப்பல் போட்டி. பக்கத்து வீட்டு அன்ரனையும் மற்றப் பொடியள் எல்லாரையும் தோற்கடித்து, குழாயை நிரப்பி முதலாவதாக வந்தேன். என்னுடைய வெற்றித் துப்பலை என்ன செய்தீர்கள்? கடலில் ஊற்றியிருந்தால் இந்த வருசம் மீன் படாததற்குக் காரணம் தெரிந்துவிடும்.

உங்கள் ஆய்வுகூட எலிகளைப் பற்றி எழுதுங்கள். "நிறஞ்சி அங்க எலி பிடிக்கிறாள்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. குறைந்தபட்சம் பூனைகளாவது நன்றி சொல்லட்டும்.

உங்கள் எடை கூடிய தங்கை,
கலி


வட நோர்வே,
13.10.2024

என் கலிக்குட்டிக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் வாசித்துத் தனியே சிரித்ததில், பக்கத்தில் இருந்த நோர்வேக்காரப் பெண்மணி எழும்பி வேறு கதிரைக்குப் போய்விட்டா. இந்த நாட்டில் பேருந்தில் ஒருவரும் சிரிப்பதில்லை.

நான் எலி பிடிப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லு. எலிகள் கூட்டுக்குள் தாமாகவே இருக்கின்றன, ஓடுவதற்கு அவற்றால் முடியாது. பிறக்கும்போதே ஒரு மரபணு பழுதான எலிகள் அவை. எங்கள் உடம்பில் கொழுப்புப் போதுமான அளவு சேர்ந்ததும், "போதும்" என்று மூளைக்குப் போய்ச் சொல்லும் ஓமோன் என்கிற சுரப்பு ஒன்று இருக்கிறது. இந்த எலிகளுக்கு அந்த ஓமோனே இல்லை. மூளைக்கு ஒருவரும் "போதும்" என்று சொல்வதில்லை. அதனால் அவை எவ்வளவு தின்றாலும் பட்டினி கிடப்பதாகவே நினைத்துக்கொள்கின்றன. சாதாரண எலியைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். அது பேராசை இல்லை, கலி. எலியின் பிழையும் இல்லை.

அந்த ஓமோனின் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து, கொஞ்சம் மாற்றி, ஒரு மருந்து செய்திருக்கிறோம். அடுத்த மாதம் தொடங்கி எட்டுக் கிழமை, பாதி எலிகளுக்கு அந்த மருந்தை ஊசியால் ஏற்றப் போகிறோம். மற்றப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. தினமும் நிறுத்து, தின்றதையும் நிறுத்து எழுதுவதுதான் என் வேலை.

உன் வெற்றித் துப்பல் இங்கே குளிர்ப்பெட்டிக்குள் ராசாத்தி மாதிரி இருக்கிறது. பார்வையாளர் நேரம் காலை எட்டு முதல் நான்கு வரை.

சாப்பிடு. அம்மா பேசினால் பேசட்டும்.

அன்புடன்,
அக்கா


மணற்குடியிருப்பு,
10.11.2024

எலிகளின் ஏகபோக அக்காவுக்கு,

என் துப்பல் கடவுச்சீட்டு இல்லாமல் நோர்வே போய்ச் சேர்ந்ததை அறிந்து மகிழ்ச்சி. ஊரில் எத்தனை பேர் அதற்காகக் கொழும்பில் வரிசையில் நிற்கிறார்கள்!

எலி என்றதும் வெள்ளை எலி என்று நினைத்தேன். கறுப்பு எலி என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்களாம். கறுப்பு, குண்டு, எந்நேரமும் பசி. அக்கா, அது எலி இல்லை, எங்கள் சொந்தம். ஆகவே ஒன்றுக்கு என் பெயரை வைக்கும்படி கட்டளையிடுகிறேன். கலி என்றால் போதும், முழுப் பெயரைத் தாங்க எலியால் முடியாது. இன்னொரு கட்டளை: அவளை மருந்துப் பக்கம் போடுங்கள். உப்புத்தண்ணி நாங்கள் இங்கே தாராளமாகப் பார்த்தாயிற்று.

உங்கள் கடிதத்தில் "பேராசை இல்லை" என்ற இடத்தை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கை நின்றது. "அப்ப இது தீன்விசர் இல்லையோ?" என்றா. "எலிக்கு இல்லையாம்" என்றேன். அம்மா திரும்பவும் துருவத் தொடங்கினா. ஆனால் அன்றைக்குச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பார்க்கவில்லை. அக்கா, அது எனக்குப் பெரிய விசயம். எத்தனையோ பேர் எனக்கு அறிவுரை எழுதித் தந்தார்கள். எனக்காக ஒரு எலியைச் சாட்சிக்குக் கூட்டிவந்தது நீங்கள் மட்டும்தான்.

உங்கள் விசுவாசமுள்ள கறுப்புச் சொந்தம்,
கலி


வட நோர்வே,
08.12.2024

அன்புக் கலிக்கு,

இங்கே சூரியன் ஒரேயடியாகப் போய்விட்டது. ஜனவரி கடைசியில்தான் திரும்பி வரும். ஆனிமாதம் அதற்கு நேர்மாறு, பொழுது படவே படாது. நடுச்சாமத்திலும் வெயில் அடிக்கும். இந்த ஊரில் சூரியனுக்குக்கூட நிதானம் இல்லை.

கலி மருந்துப் பக்கம்தான். சொன்னால் நம்பமாட்டாய், அவள் தீனியைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போகிறாள். முந்தி ஒரு நாளும் செய்யாத வேலை. ஒவ்வொரு கிழமையும் மெலிந்து வருகிறாள்.

உன்னிடம் சில விசயம் கேட்கவேண்டும். பஞ்சிப்படாமல் எழுது. உனக்கு எந்த வயதில் இருந்து இந்தப் பசி? சாப்பிட்டு முடித்த உடனே எப்படி இருக்கும்? குழந்தையில் உன் நிறை எவ்வளவு என்று அம்மாவிடம் கேள். பகிடியாக எழுதினாலும் சரி, உள்ளதை எழுது. எனக்கு உன்னை விளங்கிக்கொள்ள வேண்டும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முத்தங்கள்.

அக்கா


மணற்குடியிருப்பு,
05.01.2025

சூரியனைத் தொலைத்த அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. இங்கே சூரியன் உபரியாக இருக்கிறது, பார்சலில் அனுப்ப அம்மா விடமாட்டா.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். முதலாவது: எனக்குப் பசி வருவதில்லை, அக்கா. அது எங்கள் வீட்டிலேயே குடியிருக்கிறது. நான்தான் சிலநேரம் வெளியில் போய்வருகிறேன். எந்த வயதில் இருந்து என்றால், எனக்கு நினைவு தொடங்கும்போதே அது வந்து கதிரை போட்டு இருந்துவிட்டது. அம்மா பானைக்குப் பூட்டுப் போட்டா. நான் பூட்டுத் திறக்கப் பழகினேன். அதனால் ஓ.எல். பிழைத்துப்போனாலும் எனக்கு ஒரு தொழில் கைவசம் உண்டு.

குழந்தையில் நிறை: அம்மாவிடம் கேட்டேன். "அப்ப ஆர் நிறுத்தது பிள்ளை? தராசெல்லாம் சண்டையோட போட்டுது" என்றா. பிறகு தானாகவே சொன்னா, முகாமில் நான் நிறுத்தாமல் அழுதேனாம். பத்து வயதுப் பிள்ளையாக நீங்கள் வெயிலில் கஞ்சி வரிசையில் நின்று, உங்கள் பங்கையும் எனக்குப் பருக்கினீர்களாம். இதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லையே? இதைக் கேட்ட பிறகு உங்கள் மேல் நான் விட்ட பகிடிகளில் ஒரு பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மிச்சம் இருக்கட்டும்.

மற்றது, சாப்பிட்டு முடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். இதை எப்படிப் பகிடியாக எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன், வரவில்லை. கை கழுவும்போதே அடுத்த சாப்பாட்டை நினைத்து எனக்கு அழுகை வருகிறது. வயிறு நிறைந்திருக்கும், இருந்தும் யாரோ என்னை விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை. குண்டுப்பிள்ளை பகிடி விட்டால் எல்லாரும் சிரிப்பார்கள், அதனால் நான் முந்திக்கொண்டு விடுகிறேன். பகிடி இல்லாமல் சொல்வது உங்களுக்கு மட்டும்தான். வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

எலிக் கலிக்கு என் அன்பு. எனக்கும் சேர்த்து மெலியச் சொல்லுங்கள்.

உங்கள்
கலி


வட நோர்வே,
09.02.2025

என் செல்லத்துக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். நீ இவ்வளவு தெளிவாக எழுதுவாய் என்று நினைக்கவில்லை. பெரிய பெரிய புத்தகங்களில் இல்லாதது உன் ஒரு வரியில் இருக்கிறது.

மருந்து வேலை செய்கிறது, கலி! மருந்து ஏற்றின எலிகள் எல்லாம் மெலிந்துவிட்டன. உப்புத்தண்ணி எலிகள் அப்படியே. உன் கலி நல்ல சுகமாக இருக்கிறாள், இப்போது கூட்டுக்குள் சுற்றுகிற சில்லில் ஏறி ஓடவும் பழகிவிட்டாள். பேராசிரியருக்குச் சந்தோசம். சித்திரையில் ஒரு பெரிய மேடையில் இதைப்பற்றி நான் பேச வேண்டும்.

சோதினையை வடிவாகச் செய். பதற்றப்படாதே.

அக்கா


மணற்குடியிருப்பு,
06.04.2025

மேடைப் பேச்சாளர் அக்காவுக்கு,

சோதினை முடிந்தது. கணிதம் என்னைச் செய்தது, மிச்சத்தை நான் செய்தேன்.

அம்மா சடங்காக அலுமாரியைத் திறந்து போனை எடுத்தா. பற்றரி வீங்கி, மூடி வெடித்து, என்னைப்போலவே கிடந்தது. ஆகவே கடிதம் தொடரும்.

எலிக் கலிக்குப் பிறந்தநாள் எப்போது என்று தெரியாததால், என்னுடைய நாளையே அவளுக்கும் வைத்துவிட்டேன். இத்தோடு ஒரு வாழ்த்து மட்டை. படத்தில் மெலிந்த எலி ஒன்று சில்லில் ஓடுகிறது, குண்டுப்பிள்ளை ஒன்று கை தட்டுகிறது. கூட்டில் ஒட்டிவிடுங்கள். நானும் இப்போது பின்னேரத்தில் கரையில் நடக்கிறேன். அவள் அங்கே ஓட நான் இங்கே படுத்துக் கிடந்தால் என்ன மரியாதை?

உங்கள் பேச்சு நன்றாக வர மாதாவிடம் இந்த முறை பெரிய விண்ணப்பமே போட்டிருக்கிறேன்.

கலி


மணற்குடியிருப்பு,
25.05.2025

அக்கா,

உங்கள் பேச்சைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை தண்ணீரூற்றுச் சந்தியில் ரியூசனுக்குப் போய் இறங்க, படலையடியில் எங்கள் வகுப்பு டிலக்ஸன் "கீச் கீச்" என்றான். பின்னால் நின்ற பொடியளும் "கீச் கீச்." வழக்கமாக நான் திருப்பி ஒன்று விட்டிருப்பேன். ஆனால் அவன் ஏன் எலி மாதிரிக் கத்துகிறான் என்று விளங்கவில்லை. என் சிநேகிதி சுமித்திரா என்னை இழுத்துக்கொண்டு சைக்கிள் நிறுத்துகிற கொட்டிலுக்குப் பின்னால் போனாள். "நீ பாக்காமல் விட்டால் நல்லம்டி. ஆனால் எல்லாரும் பாத்திட்டினம்" என்று சொல்லி, உங்கள் பேச்சின் காணொளி ஓடுகிற தன் தமையனின் போனைத் தந்தாள்.

மேடையில் நீங்கள் வெள்ளை மேலங்கியோடு நிற்கிறீர்கள். வடிவாகத்தான் இருந்தீர்கள். பின்னால் பெரிய திரை. இடப்பக்கம் கறுப்பு எலி, வலப்பக்கம் நான்.

என் கண்ணுக்கு மேலே கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தீர்கள். கள்ளரைப் பிடித்தால் பேப்பரில் போடுவார்களே, அந்த மாதிரி. ஆனால் எனக்குப் பின்னால் வள்ளத்தின் பெயர் அப்படியே இருந்தது. அங்கே அந்த மண்டபத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். இங்கே வாசிக்கத் தெரியாத ஒருவரும் இல்லை. என் கண்ணை மூடிவிட்டு என் பெயரைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

எனக்கு இங்கிலிசு மட்டுமட்டு. ஆனாலும் "பசி வீட்டிலேயே குடியிருக்கிறது" என்று நீங்கள் சொன்னது விளங்கியது. மண்டபம் சிரித்தது. நல்ல பகிடிதான், எனக்குத் தெரியும். என் பகிடிக்கு முன்பின் தெரியாத ஆட்கள் சிரிக்க, சிரிப்பவர்களின் முகத்தை நான் ஒரு போனில் பார்த்தேன். அதற்குப் பிறகு மண்டபம் அமைதியாகியது. கை கழுவும்போது அழுகை வருகிற கதையைச் சொன்னீர்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தா. சுமித்திராவும் அழுதாள். அவளுக்கே நான் சொல்லாத விசயம், அக்கா. கிழிக்கச் சொன்னேன்.

விளங்காத இடத்தை ரியூசன் ஜெயந்தன் சேர் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். அவளுடைய எச்சிலில் அதே பழுதான மரபணுவைத் தேடுகிறோம் என்றீர்களாம். அப்போதுதான் எனக்கு நீல மூடி நினைவு வந்தது. துப்பல் போட்டியில் எல்லாருக்கும் வெள்ளை மூடிக் குழாய், எனக்கு மட்டும் நீலம். "ஏன் எனக்கு வேற?" என்றேன். "சம்பியனுக்கு வேற மூடி" என்றீர்கள். போட்டி தொடங்க முன்னமே அந்தக் குழாயை என் கையில் தந்தீர்கள், அக்கா. தொடங்க முன்னமே நான் சம்பியன் என்று எப்படித் தெரியும்? அன்ரனும் பொடியளும் வாய் வறள வறளச் சும்மா துப்பினார்கள். குளிர்ப்பெட்டியில் ராசாத்தி மாதிரி இருக்கிறது என்று எழுதினீர்கள். நான் அதை உங்கள் பகிடி என்று நினைத்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

இன்னொன்றும் சேர் சொன்னார். எட்டுக் கிழமை முடிய எல்லா எலிகளையும், மெலிந்ததையும் மெலியாததையும், கொன்று வெட்டி ஈரலையும் கொழுப்பையும் நிறுத்தீர்களாம். எட்டுக் கிழமை தை மாதத்தில் முடிந்துவிட்டது. மாசியில் "உன் கலி நல்ல சுகமாக இருக்கிறாள், சில்லில் ஓடுகிறாள்" என்று எழுதினீர்கள். செத்த எலிக்கு நான் பங்குனி முழுக்க இருந்து மட்டை கீறினேன். அவளோடு சேர்ந்து நடக்கிறேன் என்று கரையில் ஒவ்வொரு பின்னேரமும் நடந்தேன்.

எலியைக் கொல்ல வேண்டி வந்ததென்றால் சொல்லியிருக்கலாம். மீன்காரன் மகளுக்கு அது விளங்காதா?

நான் இந்த ஊரில் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் செபமாலையைத் தாண்டினதில்லை. நீங்கள் எத்தனை செபமாலை தாண்டிவிட்டீர்கள்?

கலிஸ்ரா


வட நோர்வே,
15.06.2025

என் கலிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அம்மாவின் போனில் உன்னைக் கூப்பிட்டேன், நீ வரவில்லை என்று அம்மா சொன்னா.

காணொளியை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். வள்ளத்தின் பெயரை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, உண்மை. இங்கே ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாத ஆட்களுக்கு நடுவில் இருந்து இருந்து, அதை வாசிக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

எச்சில் எடுக்க அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஓம் என்றா. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தது நான்தான். சொன்னால் நீ துப்பமாட்டாய் என்று நினைக்கவில்லை. சொன்னால் நீ வேறு மாதிரிப் பதில் எழுதுவாய் என்று பயந்தேன். பகிடிக்குள் ஒளிந்துகொள்வாய். எனக்கு உள்ளது வேண்டும் என்று இருந்தது. எலியைப்பற்றிச் சொல்லாதது நீ சோதினை எழுதவேண்டும் என்பதற்காக. பிறகு மட்டை வந்தது. அதை நான் என் மேசையில்தான் வைத்திருக்கிறேன்.

அந்தப் பேச்சுக்குப் பரிசு கிடைத்தது. அதனால்தான் ஆய்வு இன்னும் ஒரு வருசம் நடக்கப் போகிறது. உன்னை மாதிரி எத்தனை பிள்ளைகளுக்கு அது உதவும் என்று யோசி.

உன் எச்சிலின் முடிவும் வந்துவிட்டது. அதை ஆய்வில் சேர்க்க உன் சம்மதம் வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள். ஓம் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினால் முடிவையும் உனக்கு விளக்கமாகச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், அந்தப் பகுதி முழுக்க இல்லாமல் போகும், என் இரண்டு வருசம்.

முகாமில் உனக்காக வெயிலில் கஞ்சி வரிசையில் நின்றவள் நான். உனக்கு நான் கெடுதல் நினைப்பேனா?

இங்கே இப்போது பொழுது படுவதில்லை. நித்திரை இல்லை.

உன்
அக்கா


மணற்குடியிருப்பு,
முல்லைத்தீவு.
13.07.2025

மரியநேசன் நிறஞ்சனாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அம்மாவிடம் கேட்டீர்கள். அம்மா ஓம் என்றா. துப்பினது நான்.

அம்மாவிடம் நானும் கேட்டேன். "பெரியவள் படிச்சவள், நல்லதுக்குத்தானே கேக்கிறாள் எண்டு நினைச்சன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனா. அன்றிலிருந்து என் சோற்றுக் கோப்பையில் கேளாமலே ஒரு அகப்பை சோறு கூட விழுகிறது. அதைச் சாப்பிடும்போது எனக்கு உங்கள் எலிகளின் நினைவுதான் வருகிறது. தின்றதை யாரோ நிறுத்து எழுதுவது போல.

கஞ்சி வரிசையை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. இந்த வருசம்தான் எனக்கு அது தெரியவந்தது. தெரிந்த நாளில் இருந்து, பசி வந்து குந்தும்போதெல்லாம், எனக்காக ஒருவர் வெயிலில் நின்றிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் ஆறும். உங்கள் மருந்தைவிட அது நன்றாக வேலை செய்தது. இப்போது அதையும் எடுத்துவிட்டீர்கள்.

நீங்கள் கேட்ட ஒரு வரி: வேண்டாம். அழித்துவிடுங்கள். என் எச்சில், என் படம், என் வார்த்தைகள் மூன்றையும். மட்டையையும்.

முடிவைச் சொல்ல வேண்டாம். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியது இருக்கிறதுதான். சுமித்திராவும் நானும் அடுத்த மாதம் கிளிநொச்சிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே டொக்டர் எதற்கு என்று எனக்கு விளங்கச் சொல்லட்டும். அவர் கேட்டால் நானே துப்புவேன். எந்த நிற மூடி என்றாலும் சரி.

பள்ளிக்கூடத்தில் இப்போது ஒருவரும் என் பகிடிக்குச் சிரிப்பதில்லை. நான் வாய் திறந்தாலே முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்கிறார்கள். "கீச் கீச்" என்றதே நல்லது. டிலக்ஸன்கூட வந்து "சொறி கலி" என்றான். அவனை நான் எப்படி மன்னிக்கிறேன் என்று தெரியுமா? அவன் நேரே முகத்துக்கு முன்னால் கத்தினான்.

அப்பா இந்தக் கிழமை வள்ளத்துக்குப் புதுப் பூச்சுப் பூசினார். பெயர் எழுதுவது எப்போதும் என் வேலை. உங்கள் பெயரை எழுதினேன், வழக்கம்போல வடிவாகத்தான். என் பெயர் இருந்த இடத்தை நீலத்தால் மூடிவிட்டேன். அப்பா வந்து பார்த்து, "ஏன் பிள்ளை, உன்ர பேரை விட்டிட்டாய்?" என்றார். அப்பாவுக்குக் காணொளிக் கதை ஒன்றும் தெரியாது. அம்மாவும் நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

"பகிடிக்கு, அப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப செபமாலைக்கு முன்னம் எழுதிப்போடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

உங்கள் ஊரில் பொழுது படுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். இங்கே பொழுது பட்டுவிட்டது. அம்மா மெழுகுதிரி கொளுத்தினா, செபமாலையின் ஐந்து காரணிக்கமும் சொல்லி முடித்தோம். அப்பா எனக்குப் பக்கத்தில்தான் முழந்தாளில் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தூரிகை கரையில் வள்ளத்தடியில் கிடந்து காய்ந்துகொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு நான் சொன்ன முதலாவது பொய் அது.

ம. கலிஸ்ரா